திராட்சைத் தோட்டத்தில் விட்ட பாடு

1

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட வேண்டும் என்று எனக்கும் கஸ்தூரிக்கும் தோன்றவில்லை. மகள் யாழினிக்குத் தோன்றியது. இந்த ஊரில் பிள்ளைகள் உணவகத்தில் மேசை பிடித்து வைத்துத்தான் பெற்றோர் மேல் இருக்கிற பாசத்தைக் காட்டுகிறார்கள். நாமும் அந்த மேசையில் போய் உட்கார்ந்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

மெல்பனிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் யாரா பள்ளத்தாக்கு. மேடும் சரிவுமாகக் கண்ணுக்கு எட்டியவரை திராட்சைத் தோட்டம்தான். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு ஒயின் கூடம், ஒவ்வொரு கூடத்தோடும் ஒட்டிக்கொண்டு ஒரு உணவகம். புதிதாகத் திறந்த இத்தாலியச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு இடம் கிடைத்துவிட்டது என்று யாழினி சொன்னபோது, அவள் குரலில் தட்கல் டிக்கெட் கிடைத்தவரின் சந்தோஷம் இருந்தது.

வெள்ளிக்கிழமை தம்பி தேசிங்கு பழவேற்காட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். பின்னால் காக்கா சத்தம், யாரோ மோட்டாரை இழுத்துக் கிளப்பும் சத்தம்.

"ண்ணா, ஞாயித்துக்கெழம காலீல நம்ம குப்பத்துல கிராமத்தார் கூடறாங்க. இந்தத் தபா உன் பேரப் பத்திதான் பேச்சு. நீ போன்ல வந்து உன் வாயாலயே சொல்லணும். பையனும் சொல்லணுமாம். வச்சிக்கிறேன்னு சொன்னாலும் சரி, விட்டுட்டேன்னு சொன்னாலும் சரி. நான் ஒண்ணியும் சொல்லமாட்டேன், ஆமா."

ஒன்றும் சொல்லமாட்டேன் என்று சொல்பவன் எதைச் சொல்ல வருகிறான் என்பது எனக்குத் தெரியும். அவன் மகன் விக்னேஷுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆனது. நான் பேரை விட்டால் அவன் பேர் ஏறும். விடாவிட்டால் அவன் காலத்துக்கும் இன்னொருத்தன் வலைக்குக் கூலியாள். நான் விட்டால் எனக்கு ஒன்றும் குறையாது, ஊரில் விருந்தாளி ஆகிவிடுவேன் என்பதைத் தவிர.

விட்டுவிடுவது என்று வெள்ளிக்கிழமையே முடிவு செய்துவிட்டேன். ரொம்ப யோசிக்கவும் இல்லை. அதில் எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

2

பாடு என்றால் என்னவென்று ஏரிக்கரையில் பிறக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

பழவேற்காடு ஏரி பார்க்கத்தான் கடல் மாதிரி இருக்கும். பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். முகத்துவாரத்துக்கு அருகே, தண்ணீர் ஏறி இறங்கும் சில இடங்களில் மட்டும் இறால் நன்றாக ஓடும். அந்த இடத்தில் கம்பு நட்டு வலை கட்டினால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் எல்லாரும் கட்ட இடமில்லை. அதனால் ஊரில் கல்யாணமான ஆண்களின் பேரை எழுதி, சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைதான் பாடு. பாடு விழுந்த நாளில் பணக்காரன், ஏழை, ஊர்ப் பஞ்சாயத்துப் பேசுகிற கிராமத்தார், குடிகாரன் எல்லாம் ஒன்று. ஒருத்தன் பாட்டில் இன்னொருத்தன் வலை வைத்தால் அது ஊர் தாங்காத குற்றம்.

எனக்குக் கல்யாணமான மறுவாரம் பேர் ஏற்றினார்கள். ஆக யாழினி கொண்டாடுகிற அதே இருபத்தைந்து வருஷம்தான் என் பேருக்கும். நான் என்னவோ டிப்ளமா முடித்து, குளிர்சாதன வேலை கற்றுக்கொண்டு, யாழினி கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கே வந்துவிட்டேன். காய்கறிக் கிடங்குகளின் குளிர் அறைகள் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. என் பாடு விழுகிற நாளிலெல்லாம் தேசிங்கு போய் வலை கட்டினான். அதற்கு அவன் ஒவ்வொரு வருஷமும் கிராமத்தாரிடம் கேட்க வேண்டும். இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

இப்போது முகத்துவாரம் மண் மூடிக்கொண்டு வருகிறது. வலை கட்டும் இடங்கள் குறைந்துவிட்டன. ஒரு பேர் இறங்கினால்தான் இன்னொரு பேர் ஏறும் என்று ஊரில் கட்டு வைத்துவிட்டார்கள். தண்ணீரில் நிற்காதவன் பேர் எதற்கு என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் அங்கே இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன், இன்னும் சத்தமாக.

நான் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியபோது இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் கொடுத்தேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் அதில் ஒரு முத்திரை குத்தித் திருப்பித் தந்தார். பிறகு ஓ.சி.ஐ. அட்டை கொடுத்தார்கள். ஆயுசுக்கும் வந்துபோகலாம், ஆனால் ஓட்டுக் கிடையாது, விவசாய நிலம் வாங்கக்கூடாது. "ஓசி கார்டா ண்ணா?" என்று தேசிங்கு கேட்டான். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். இத்தனை பெரிய அரசாங்கம் எனக்கு விலகிப்போகும் வழியையும் வந்துபோகும் வழியையும் காகிதத்தில் போட்டுக் கொடுத்துவிட்டது. எங்கள் குப்பத்தில் அந்த மாதிரி நடுவாந்திர ஏற்பாடு எதுவும் கிடையாது. பேர் இருக்கும், அல்லது இருக்காது.

3

அந்தக் கடைக்கு வாசலில் பெயர்ப்பலகை இல்லை. பூசாத சிமெண்டுச் சுவர், உள்ளே போனால் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே குளிர்காலத் திராட்சைத் தோட்டம். இலையெல்லாம் உதிர்ந்து, கொடியை வெட்டிக் கம்பியில் கட்டி, வரிசை வரிசையாகக் கம்பு நின்றது. வலைக்கம்பு நட்டதுபோல இருக்கிறது என்று நினைத்தேன், சொல்லவில்லை. எதைப் பார்த்தாலும் ஊரை இழுக்கிறவன் என்று பிள்ளைகள் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

சாப்பாட்டு அட்டையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் மூன்றே சொல். "பச்சை மீன், ஆரஞ்சு, பெருஞ்சீரகம்." அதை என்ன செய்திருக்கிறார்கள் என்பது நாமே கண்டுபிடிக்க வேண்டியது. கஸ்தூரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"சாமான் வாங்க எழுதி வச்சா மாதிரி கீது," என்றாள். அவள் சுண்ணாம்புக்குளத்துக்காரி. எதையும் முகத்துக்கு நேரே சொல்கிற ஊர்.

மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை நிறையக் குச்சி ரொட்டி வைத்தார்கள். மெலிசாக, முழ நீளம். யாழினி நான்கு எடுத்தாள், ஒன்றைப் பாதியாக ஒடித்தாள், நான்கின் முனையும் ஒரே மட்டமாகத் தெரிகிற மாதிரி கைக்குள் பிடித்து நீட்டினாள். குட்டைக் குச்சி வந்தவர்தான் திரும்பிப் போகும்போது கார் ஓட்ட வேண்டும், அதாவது ஒயினைத் தொடக்கூடாது.

இது எங்கள் வீட்டுச் சட்டம், நான் போட்டது. பாத்திரம் யார் கழுவுவது, கார் முன்சீட்டில் யார் உட்காருவது, கடைசி இறால் வறுவல் யாருக்கு, எல்லாம் சீட்டுத்தான். "இது யார் பாடு?" என்று பிள்ளைகள் தங்கள் ஆங்கிலத்துக்கு நடுவே கேட்பார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டதில்லை. நானும் உட்காரவைத்துச் சொன்னதில்லை.

அவர்களின் தமிழே அப்படித்தான். ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் மகன் கவின் ஆறு வயதில் "இன்னா டீச்சர்" என்றான். டீச்சர் "என்ன" என்று திருத்தினார். என்னை நைனா என்று கூப்பிடுவதைப் பார்த்துவிட்டு, நீங்கள் தெலுங்கா என்று ஒரு அம்மா கஸ்தூரியிடம் விசாரித்தார். கவின் அடுத்த வாரம் வயிற்று வலி என்றான். அதற்கடுத்த வாரமும் வலித்தது. பள்ளி நின்றது. வீட்டில் கேட்ட தமிழ் மட்டும் திருத்தப்படாமல் அவனிடம் தங்கிப்போனது.

குட்டைக் குச்சி எனக்கு வந்தது. "நைனா பாடு!" என்று யாழினி கைதட்டினாள். பரிமாறும் பெண் இது ஏதோ எங்கள் மதத்துப் பிரார்த்தனை என்று நினைத்து, முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றாள். அப்புறம் மற்ற மூவருக்கும் ஒயின் ஊற்றினாள், இந்த மேட்டின் மேற்குச் சரிவில் விளைந்தது என்று சொல்லிக்கொண்டே. எனக்குத் தண்ணீர். அது எங்கே விளைந்தது என்று சொல்லவில்லை.

பாஸ்தா வந்ததும் வாழ்த்துச் சொல்லிக் குடிக்கலாம், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று யாழினி தடுத்துவிட்டாள். காத்திருக்கும் நேரத்தில்தான் கவினிடம் விஷயத்தைச் சொன்னேன். காரில் வரும்போது, "ஊரிலிருந்து போன் வரும், நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவனும் காதில் இருந்ததைக் கழற்றாமல் சரி என்றிருந்தான். இப்போது இந்தச் சீட்டு எங்கே இருந்து வந்தது, அங்கே அது யாருக்குச் சோறு போடுகிறது, நான் என்ன சொல்லப்போகிறேன், அவன் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேரும் கேட்டார்கள்.

"என்னிய ஏன் யாரும் கேக்கல?" என்றாள் யாழினி.

"பொண்ணுங்களுக்குப் பாடு இல்லம்மா."

"அப்ப வீட்ல மட்டும் நான் ஏன் பாத்திரம் கழுவினேன்?"

கஸ்தூரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்தக் கேள்வியை அவள் இருபத்தைந்து வருஷம் முன்பே கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

கவின் வேறு ஒன்றைக் கேட்டான், பாதி ஆங்கிலம் பாதித் தமிழில். பாடு விழுந்த ஆளுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் போவார்கள்?

"தம்பி போலாம். ஆனா கிராமத்தாரைக் கேக்கணும். பையன் போனா யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"யாரையும்?"

"அப்பனைக்கூடக் கேக்க வேணாம். வலைய எடுத்துகினு போயிடுவான்."

அவன் தலையை ஆட்டினான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பாஸ்தா வந்தது. பரிமாறும் பெண் ஒரு பழுப்புக் கட்டியையும் சின்னத் துருவியையும் கொண்டுவந்து, தட்டுகளின் மேல் பொன்னிறத் தூளாகத் துருவினாள். மீன் முட்டையை உப்பில் அழுத்திக் காயவைத்தது, இத்தாலியில் ஏதோ ஒரு தீவுக்காரர்களின் கைப்பக்குவம் என்று விளக்கம் சொன்னாள். அவள் மீனின் ஆங்கிலப் பேரைச் சொல்வதற்கு முன்பே கஸ்தூரி மூக்கைச் சுருக்கினாள்.

"இன்னாங்க இது, மடவை சினை!"

மடவைதான். எங்கள் ஏரியில் கூடை கூடையாக வரும் மீன். சினையை யாரும் காயவைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்வதில்லை. அன்றைக்கே புளிக்குழம்பில் போட்டு, அன்றைக்கே தீர்த்துவிடுவோம். இங்கே அதை நகை எடை போடுவதுபோலத் துருவுகிறார்கள். எனக்குப் பெருமையும் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை. ஒரே மீன் இரண்டு ஊரில் இரண்டு விதமாகப் பிழைக்கிறது, அவ்வளவுதான்.

அப்போது போன் அடித்தது.

4

கவினும் நானும் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனோம். எங்களுக்கு மதியம், அவர்களுக்குக் காலை. போன படகுகள் கரைக்கு வந்துவிட்ட நேரம். தேசிங்கு வீடியோவில் வந்தான். கோயில் முன்னால் ஜனம் உட்கார்ந்திருந்தது. விக்னேஷ் ஓரமாக நின்றான், புதுமாப்பிள்ளைச் சட்டையில். அவன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி பெண்களோடு பின்னால் எங்கோ இருந்திருப்பாள்.

ஏகாம்பரம் மாமாதான் இப்போது கிராமத்தாருக்குத் தலைவர். சொந்த மாமா இல்லை, ஊர் முறைக்கு மாமா. போனை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். அவர் மூக்குத்தான் தெரிந்தது.

"எத்திராஜு, நல்லாக்கிறியா? இன்னா பின்னாடி, தோட்டமா?"

"திராட்சத் தோட்டம் மாமா."

"காய் ஒண்ணியும் காணமே."

"இப்ப காலம் இல்ல மாமா."

"சரி. எல்லாருக்கும் கேக்கறா மாதிரி சொல்லு. அவசரம் இல்ல. உம் மனசுல இன்னா கீதோ அத்த சொல்லு."

இரண்டு நாளாக மனசில் சொல்லிப் பார்த்த வார்த்தைதான். குளிர் அறை ஒன்றை நிறுத்துவதற்கு முன் சாமானெல்லாம் வெளியே போய்விட்டதா என்று பார்ப்பேன், பிறகு விசையைத் தட்டுவேன். அதே மாதிரி இதையும் தட்டிவிடலாம் என்று இருந்தேன். வாயைத் திறந்துவிட்டு, எதிரே இருந்த வரிசையில் எத்தனை கம்பு என்று எண்ணத் தொடங்கினேன். தண்ணீரைத் தவிர எதுவும் குடிக்காதவனுக்கு ஏன் இப்படி என்று எனக்கே கோபம் வந்தது. எனக்கு அந்த ஏரியில் திரும்பப் போய் நிற்கும் எண்ணம் இல்லை. சத்தியமாக இல்லை. ஆனாலும் ஏதோ ஒரு வருஷத்தில், ஏதோ ஒரு நாள் காலையில், என் பேரைச் சொல்லி அங்கே கூப்பிடுகிறார்கள் என்ற நினைப்பின் மேல்தான் இத்தனை வருஷம் இங்கே சாய்ந்து உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

"விட்டுட்டேன் மாமா," என்றேன். "என் பாட்ட விக்னேசுக்கு ஏத்திக்கோங்க."

விக்னேஷ் நிமிர்ந்து பார்த்தான்.

"பையன் கீறானா? அவனும் சொல்லணும்பா. நாளைக்கி வந்து எங்கப்பன் பேர் எங்கேன்னு நிக்கக்கூடாது பாரு. அப்படி ஒருத்தன் வந்து நின்னு, ஊரே ரெண்டாச்சு."

போனைக் கவினிடம் கொடுத்தேன். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். இருபது வயது, ஆறடி உயரம், அந்த ஏரியைப் பார்த்தது மூன்று தடவை, மூன்று தடவையும் கொசுக்கடி. சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அங்கே உட்கார்ந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"தாத்தா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"விட்டுட்டா, அப்புறம் நான் அங்க வர்லாமா?"

"இன்னாடா இப்படிக் கேட்டுட்ட! வா, வந்து துன்னு, எத்தினி நாள் வேணா இரு. வலதான் கட்டக்கூடாது."

"எனக்கு வல கட்டத் தெரியாது தாத்தா."

அங்கே சிரிப்பு. கவினும் சிரித்தான். பிறகு நேராக நின்று சொன்னான்:

"நான் கவினு. எத்திராஜு பையன். நானும் விட்டுட்டேன். விக்னேஷண்ணன் வச்சிக்கட்டும்."

உடனே கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பின்னால் இருந்து ஒரு பெண் குரல் கேட்டது, யாரென்று தெரியவில்லை. "யம்மா, இன்னா இது, வெள்ளக்கார ஊர்ல பொறந்தது நம்ம குப்பத்துப் பேச்சு பேசுது! அப்படியே நம்ம பேச்சு!"

ஏகாம்பரம் மாமா போனைத் தள்ளிப் பிடித்துக் கவினை நன்றாகப் பார்த்தார். இப்போதுதான் அவர் முழு முகமும் தெரிந்தது. "நல்லா இருப்பா," என்று மட்டும் சொன்னார். அப்புறம் விக்னேஷை முன்னால் கூப்பிட்டார்கள். தேசிங்கு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வைக்கிறேண்ணா, அப்பால பேசறேன்," என்று வைத்துவிட்டான்.

தமிழ்ப் பள்ளியில் திருத்தித் தீராத பேச்சை அந்த ஊர் ஒரே மூச்சில் அடையாளம் கண்டுகொண்டது, அவன் அப்பன் பேரைத் தன் கணக்கிலிருந்து எடுத்துவிட்ட பிறகு. எனக்கு அழுகை வந்தது. குளிர்காற்றுக்குக் கண்ணில் தண்ணீர் வருவது இங்கே சகஜம் என்பதால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

5

திரும்பி வந்தால் எங்கள் இரண்டு தட்டையும் காணோம். பாஸ்தா காத்திருக்காது, ஆறியதை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று சமையல்காரர் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாராம். புதிதாகச் செய்து கொண்டுவந்தார்கள். அதன் மேலும் மடவை சினை துருவினார்கள். நன்றாக இருந்தது. கஸ்தூரி மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

"எல்லாம் எப்படி இருக்கிறது?" என்று பரிமாறும் பெண் கேட்டாள்.

"புளி வேணும்," என்று கஸ்தூரி தமிழிலேயே சொன்னாள். அந்தப் பெண் நன்றி என்றாள்.

யாழினி வாழ்த்துச் சொன்னாள். நான்கு குவளையும் மோதின. கஸ்தூரி ஒரு மிடறு குடித்துவிட்டு, கள்ளு மூன்றாம் நாள் இப்படித்தான் இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னாள், ஆனால் நிறுத்தவில்லை. என்ன நடந்தது என்று யாழினி கேட்டாள். சொன்னேன். "விக்னேஷ் சந்தோஷப்பட்டானா?" என்றாள். பட்டான் என்றேன். அந்தப் பேச்சு அங்கே நின்றது. பிறகு அவள் வேலை, வீட்டு வாடகை, கஸ்தூரியின் முழங்கால் என்று மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிற அதே விஷயங்களுக்கு வந்துவிட்டோம். போட்டோ எடுத்துக்கொண்டோம். கடைசியில் ஒரு இனிப்பு வந்தது, ஒரு பெரிய வெள்ளைத் தட்டின் ஓரத்தில், யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி.

எழுந்திருக்கும்போது மேசையைப் பார்த்தேன். மூன்று ஒயின் குவளையில் இரண்டு காலி. கவினுடையது ஊற்றியபடியே, விளிம்புக்கு அதே தூரத்தில் இருந்தது. வாழ்த்துச் சொன்னபோது அவனும் தூக்கினான், மோதினான். குடித்தானா என்று நான் பார்க்கவில்லை.

கார் நிறுத்திய இடத்துக்கு வந்தோம். இந்த மாநிலத்தில் புதிதாக லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் சில வருஷத்துக்குக் காரின் முன்னும் பின்னும் ஒரு சின்னப் பலகையை ஒட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அவர்கள் ஒரு சொட்டுக் குடித்திருக்கவும் கூடாது. கவின் கார்க் கதவைத் திறந்து, அந்தப் பலகை இரண்டையும் எடுத்து, ஒன்றை முன்னால் ஒட்டினான், ஒன்றைப் பின்னால் ஒட்டினான். பிறகு என் எதிரில் வந்து, என் கையில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டான்.

"டேய், குட்டக் குச்சி எனக்குத்தான் வந்துச்சு," என்றேன். "நான் ஒண்ணும் குடிக்கல. நல்லாத்தான் கீறேன்."

"தெரியும் நைனா."

அவன் சுற்றிக்கொண்டு போய் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டான். கஸ்தூரியும் யாழினியும் ஏற்கனவே பின்னால் ஏறியிருந்தார்கள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டேன். ஓட்டட்டுமா என்று அவன் கேட்கவே இல்லை.